கத்திரி வெயிலில் ஹீட்டர்

விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு திண்டிவனத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கத்திரி வெயில். விக்கிரவாண்டி தாண்டிய கொஞ்ச நேரத்தில் அப்பா ஏசியை நிறுத்தினார். நான்கு கண்ணாடிகளையும் இறக்கச் சொன்னார். அனல் உள்ளே பாய்ந்தது. அதற்கே எனக்குக் காரணம் புரியவில்லை. அடுத்து அவர் கையை நீட்டி ஹீட்டரை முழு வேகத்தில் திருகிவிட்டபோது தூக்கிவாரிப்போட்டது. நான் வாழ்கிற வின்னிபெக், கனடாவின் நடுவில் சமவெளியில் இருக்கிற ஊர். குளிர்காலத்தில் மைனஸ் முப்பது என்றால் அங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வருடத்தில் பாதி, ஹீட்டர் இல்லாமல் காரில் உட்கார முடியாது. அந்தக் குமிழைத் திருகும்போது கிடைக்கிற நிம்மதி என் விரல்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நம் ஊர்க் காரில் அப்படி ஒரு குமிழ் இருப்பதையே நான் கவனித்ததில்லை. இப்போது அதிலிருந்து கொதிக்கிற காற்று என் முழங்கால்களில் அடித்தது.

“இன்னாப்பா இது? யாராவது இந்த வெயில்ல ஹீட்டர் போடுவாங்களா?”

“சூடு காட்டற முள்ளு மேல ஏறுது பாரு. ஹீட்டர் போட்டா எஞ்சின் சூடு இந்தப் பக்கம் வந்துடும், முள்ளு எறங்கும்” என்றார் அப்பா, ஏதோ எல்லாருக்கும் தெரிந்த விஷயம்போல. திரும்பிப் பார்த்தேன். பின் சீட்டில் அம்மா பையிலிருந்து ஈரத் துண்டு ஒன்றை எடுத்துத் தலையிலும் முகத்திலும் போட்டுக்கொண்டாள். துண்டு ஒரு பிளாஸ்டிக் கவரில் நனைத்தே வைக்கப்பட்டிருந்தது. கல்யாணத்துக்குக் கிளம்பும்போதே நனைத்து எடுத்து வந்திருக்கிறாள். அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது, இது இன்றைக்குப் புதிதாக நடப்பதில்லை என்று.

கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். டிக்கியில் மூன்று கேன் தண்ணீர் இருந்தது, ஒரு சாக்கும் இருந்தது. பானெட்டைத் திறந்து, சாக்கை நனைத்து, கொதித்துக்கொண்டிருந்த ரேடியேட்டர் மூடியின் மேல் போட்டுத் திருகப் போனார். நான் கத்தினேன். “மூடியில கை வெக்காதீங்கப்பா! மூஞ்சியில அடிக்கும்!” அவர் கையை எடுத்துக்கொண்டு, “நீ இப்படி கத்தினாதான் எனக்கு கை நழுவும்” என்றார்.

எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகிற மேல் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். எஞ்சின் அடுப்புபோல இருந்தது. குழாயோ வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. சூடான தண்ணீர் ரேடியேட்டருக்கு வந்து சேரவே இல்லை. வழியில் ஒரு கதவு மூடிக் கிடக்கிறது. அந்தக் கதவின் பெயர் தெர்மோஸ்டாட். நம் ஊரில் வால்வு என்பார்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியிருந்து, சூடானதும் தானாகத் திறந்து, தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பி ஆறவைக்கிற, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு சின்னச் சாமான்.

“எத்தினி நாளா இப்படி?” என்று கேட்டேன்.

“கொஞ்ச நாளாத்தான்.”

“பொங்கலுக்கு முன்னாடியேருந்து” என்றாள் அம்மா, துண்டுக்குள்ளிருந்து.

“போன்ல ஒரு வார்த்த சொல்லலையே?”

“சொன்னா? அங்கேருந்து தண்ணி ஊத்துவியா?” என்றார் அப்பா.

எனக்கு ஆத்திரம் வந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பேசுகிறோம். வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டால் சூப்பராக ஓடுகிறது என்பார். அம்மாவுக்குச் சர்க்கரையால் வலது கண்ணின் உள்ளே ரத்தக்குழாய் கசிகிறது. அதற்காகப் புதுச்சேரியில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போய் அவ்வப்போது கண்ணுக்குள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஊசி போட்ட கண்ணில் தூசி படக் கூடாது. அப்படிப்பட்ட கண்ணோடு, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, லாரிப் புழுதியில் இவர்கள் இத்தனை மாதம் போய் வந்திருக்கிறார்கள். அம்மா கண்ணுக்கு மேல் அந்த ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டாளாம். அதைச் சொல்லும்போது அவளுக்குத் தன் சாமர்த்தியத்தில் ஒரு பெருமைகூட இருந்தது.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வீட்டில் எதுவும் சரியில்லாமல் போவது நமக்குச் சொல்லப்படுவதே இல்லை. நல்ல செய்திகள் மட்டும் கடல் தாண்டி வரும். லீவில் வந்து இறங்கினாலும் அதே கதைதான். துடைப்பத்தைத் தொட்டால் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். கேஸ் தீர்ந்தால் மாடி வீட்டு ஜாகிர் வந்து மாற்றிவிடுகிறான். மோட்டார் ஓடாவிட்டால் ஜாகிர். டிவியில் படம் வராவிட்டால் ஜாகிர். அவன் கோட்டக்குப்பத்துக்காரன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறான். கல்யாணம் ஆனதும் எங்கள் மாடிக்குக் குடிவந்தவன், என் பெற்றோரை அப்பா, அம்மா என்றுதான் கூப்பிடுவான். நான் எதையாவது செய்யப் போனால், “நீங்க உக்காருங்கக்கா, லீவுல வந்துட்டு எதுக்கு” என்பான். அவன் அண்ணன் ஷார்ஜாவில் இருக்கிறார். அவரிடமும் அவர்கள் வீட்டில் இப்படித்தான் சொல்வார்கள்போலிருக்கிறது. வின்னிபெக்கில் என்னை உட்கார் என்று சொல்ல ஆள் இல்லை. இங்கே எழுந்திரு என்று சொல்ல ஆள் இல்லை.

தெர்மோஸ்டாட் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது வின்னிபெக்கில் என் முதல் குளிர்காலம். நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். காருக்கும் எனக்கும் ஓட்டுவதைத் தவிர வேறு உறவு கிடையாது. என் கணவர் செந்திலுக்கு அந்த உறவும் அரைகுறைதான். ஒரு ஜனவரி காலையில் எங்கள் காரின் ஹீட்டரிலிருந்து ஐஸ் காற்று வர ஆரம்பித்தது. உள்பக்கக் கண்ணாடியில் எங்கள் மூச்சே உறைந்து படிந்தது. கார் ஷெட்டில் கேட்டால் இரண்டு வாரம் கழித்துத்தான் பார்ப்பார்களாம். உதிரிபாகக் கடைக்குப் போனேன். நம் ஊரில் ‘கரண்டு வரல’ என்போம் இல்லையா, அதே பாணியை அவர்கள் மொழியில் போட்டு, என் காருக்கு ஹீட்டர் வரவில்லை என்றேன். கவுன்டரில் இருந்த பெண்மணி அக்கறையாகக் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து, “எங்கிருந்து வர வேண்டும்? எந்தப் பெயரில் ஆர்டர் செய்தீர்கள்?” என்று கேட்டார். நான் இல்லை, காரிலேயே இருக்கிறது, ஆனால் வரவில்லை என்றேன். இருக்கிற பொருள் எப்படி வரும் என்று அவர் விழித்தார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் இரண்டு கைகளையும் தேய்த்து, பல்லைக் கிட்டித்து நடுங்கிக் காட்டினேன். அப்புறம்தான் விஷயம் புரிந்து, திறந்தபடியே மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் புதியது ஒன்றைக் கொடுத்தார்.

வீட்டு கராஜில், பனிக்கட்டிபோல் இருந்த ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு, போனில் வீடியோவைப் பார்த்துப் பார்த்து மாட்டினேன். தலைகீழாக மாட்டிவிட்டு மறுபடி கழற்றினேன். அடுத்த வீட்டுக்காரர் டக், பனி வாரிக்கொண்டிருந்தவர், எட்டிப் பார்த்து, “யூ குட்?” என்றார். “ஐயாம் குட்” என்றேன். நம் வழக்கம் அது. முதலில் பரவாயில்லை என்போம், எதிராளி இன்னும் இரண்டு தரம் வற்புறுத்துவார், பிறகு ஒப்புக்கொள்வோம். டக் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நான் சொன்னதை அவர் நம்பிவிட்டார்! அழுகை வந்தது, கண்ணீர் இமையிலேயே குளிர்ந்தது. ஆனால் அன்று மாலை அந்த ஹீட்டரில் சூடு வந்தபோது, அந்த ஊரில் எனக்குக் கால் வைக்க ஒரு சின்ன இடம் கிடைத்ததுபோல இருந்தது. அதற்குப் பிறகுதான் நான் அங்கே யாரையும் பார்த்துத் தயங்காமல் பேச ஆரம்பித்தேன்.

ஆகவே கூட்டேரிப்பட்டு வேப்பமரத்தடியிலேயே சொல்லிவிட்டேன், வால்வை நானே மாற்றுகிறேன் என்று. அப்பா கேட்டுக்கொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. சாயங்காலமே மெக்கானிக் செல்வத்தை வீட்டுக்கு வரவழைத்துவிட்டார். செல்வம் எங்கள் வண்டியைப் பல வருடமாகப் பார்க்கிறவர். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை.

“வால்வ கழட்டி கடாசிடலாம்மா. நம்ம ஊரு வெயிலுக்கு அது இன்னாத்துக்கு? எல்லா வண்டியிலயும் அதத்தான் பண்றேன். ஒரு பேஜாரும் இருக்காது.”

“கழட்டிட்டா எஞ்சின் சரியான சூட்டுக்கே வராதுங்க. பெட்ரோல் குடிக்கும், எஞ்சின் சீக்கிரம் தேஞ்சி போவும்.”

“அது உங்க ஊருல.”

“எங்க ஊரு இதாங்க” என்றேன்.

செல்வம் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். இருவரும் எனக்கு டீ வேண்டுமா என்று கேட்டார்கள்.

மறுநாள் விடியும்போதே, எஞ்சின் சில்லிட்டிருந்த நேரம் பார்த்து, வண்டியைப் பிரிக்க ஆரம்பித்தேன். அப்பா எழுந்திருப்பதற்குள் முடிவாகிவிட வேண்டும் என்று நினைத்தேன். அடியில் பேசினை வைத்துத் தண்ணீரை இறக்கினால், கேப்பைக் கூழ் நிறத்தில் கெட்டியாகத் துரு வந்தது. கூலன்ட் என்று ஒரு பச்சைத் திரவம் ஊற்ற வேண்டிய இடத்தில் அப்பா வருடக்கணக்காகப் போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். உப்புத் தண்ணீர். வால்வு ஏன் செத்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. குழாயைக் கழற்றி, வால்வு மூடியின் போல்ட்டுகளில் ஸ்பேனரை வைத்ததும் தெரு கூடிவிட்டது. பால் வாங்க வந்தவர், வாக்கிங் போனவர், எதிர்வீட்டு மாமா என்று ஆளாளுக்கு யோசனை. அந்தப் பக்கம் திருகு. இல்லை, இந்தப் பக்கம். மண்ணெண்ணெய் விடு. ஒருவர் என் கையிலிருந்து ஸ்பேனரையே வாங்கிக்கொண்டார். “தள்ளும்மா, கையில கிரீஸ் ஆயிடும்.” ஏற்கெனவே முழங்கை வரை கிரீஸ்தான். “குடுங்க” என்று திரும்பப் பிடுங்கினேன். வின்னிபெக்கில் ஒரு ஆள் இரண்டாம் தரம் கேட்கவில்லையே என்று அழுதேன். இங்கே நான்கு பேர் ஒரு தரம்கூடக் கேட்காமல் கையை நீட்டுகிறார்கள். இரண்டுமே தாங்க முடியவில்லை.

அப்பா லுங்கியோடு வெளியே வந்தபோது வண்டி வாயைப் பிளந்து கிடந்தது. அவர் முகம் மாறியது.

“நாளைக்கு அம்மாவுக்கு ஊசி. தெரியுமில்ல உனக்கு? இன்னிக்கி பிரிச்சி போட்டுக்கினு உக்காந்திருக்க?”

தெரியும். அதற்காகத்தான் பிரித்தேன் என்று சொன்னேன். இந்த வண்டியில், இந்த நிலையில், அம்மாவை இன்னொரு தரம் அழைத்துப் போக விட மாட்டேன் என்றேன். “இத்தினி நாளா போவலயா?” என்றார். அவர் குரல் உயர்ந்ததைக் கேட்டு மாடியிலிருந்து ஜாகிர் இறங்கி வந்தான். “விடுங்கப்பா, என் பிரண்டு வண்டிய எடுத்துக்கினு வர்றேன். நாளைக்கு நானே அம்மாவ இட்டுக்கினு போறேன். அக்கா பாவம், அவங்க மெதுவா பாக்கட்டும்.” அவன் நல்லபடியாகத்தான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது. “வேணாம் ஜாகிர். எங்கம்மாவ நான் கூட்டிக்கினு போறேன்” என்றேன். அந்த ‘எங்கம்மா’ கொஞ்சம் அழுத்தமாக விழுந்துவிட்டது. அவன், “சரிக்கா” என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினான்.

கழற்றிய வால்வை அடுக்களைக்கு எடுத்துப் போனேன். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் திறக்க வேண்டும். அதுதான் சோதனை. கைக்குக் கிடைத்த பாத்திரத்தை எடுத்து அடுப்பில் வைத்தால், அம்மா, “அய்யோ, பால் காய்ச்சற குண்டான்ல போய் இத போடறியே! வௌங்குமா?” என்று தலையில் அடித்துக்கொண்டாள். வேறு பழைய குண்டானைத் தேடிக் கொடுத்தாள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. துருப்பிடித்த வால்வு அசையவே இல்லை. அம்மா இடது கண்ணைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்து, “இது செத்துப்போச்சி” என்று தீர்ப்புச் சொன்னாள். எனக்கு அந்த வீட்டில் கிடைத்த முதல் ஆதரவு அது.

திண்டிவனத்துக் கடைகளில் விசாரித்தேன். கிடைக்கவில்லை. பழைய வால்வை ஒரு கவரில் போட்டுக்கொண்டு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன். நின்றுகொண்டேதான் பயணம். முதல் கடையில் இருந்தவர் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “இத எதுக்கும்மா திருப்பி போடறீங்க? கழட்டுனது கழட்டுனதாவே இருக்கட்டும். யாரும் கேக்கறதில்ல, அதனால நாங்க வெக்கறதும் இல்ல” என்றார். இரண்டாவது கடைக்காரர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

“மெக்கானிக் யாரு? அவர லைன்ல போடுங்க.”

“நான்தாங்க மாட்டப்போறேன்.”

“அதில்லம்மா. வண்டியில மாட்டறவரு யாருன்னு கேக்கறேன்.”

“நான்தாங்க.”

இப்போது நிமிர்ந்து பார்த்தார். “வீட்டுக்காரரு இல்லீங்களா?”

“கனடாவுல தூங்கிக்கினு இருக்காரு.”

பரணில் ஏறித் தேட ஆள் அனுப்பினார். நல்லவேளையாக ஒன்று இருந்தது. புது ரப்பர் வளையத்தோடு, தூசி படிந்த அட்டைப் பெட்டியில். வின்னிபெக் கடையில் என் மொழிதான் அவர்களுக்குப் புரியவில்லை. யார் மாட்டுவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. இங்கே மொழி ஒன்றுதான். அப்படியும் ‘நான்’ என்கிற சொல்லைக்கூட இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

புது வால்வையும் அதே குண்டானில் போட்டுப் பார்த்தோம். தண்ணீர் கொதி வர வர, நடுவில் இருந்த வட்டத் தகடு மெல்லக் கீழே இறங்கி வழிவிட்டது. “வாய தொறக்குது! வாய தொறக்குது, இங்க வாங்களேன்!” என்று அம்மா அப்பாவைக் கூப்பிட்டாள். வராந்தாவில் மல்லாட்டைக் கடலை மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தவர் கோணி ஊசியோடு வந்து நின்றார். நான் வால்வைக் கரண்டியால் எடுத்து வெளியே வைத்தேன். ஆற ஆற, அது மூடிக்கொண்டது. மறுபடி போடச் சொன்னார். போட்டேன். திறந்தது. “கரண்டு கிரண்டு எதுவும் இல்லாம எப்படி தொறக்குது?” என்றார். உள்ளே மெழுகு இருக்கிறது, சூட்டில் இளகி விரிந்து தள்ளுகிறது என்றேன். “ம்” என்று சொல்லிவிட்டுத் தைக்கப் போய்விட்டார். ஆனால் நான் மாட்டப் போனபோது, கூப்பிடாமலே வந்து, குழாயைப் பிடித்துக்கொண்டார்.

எல்லாம் சரியாக நடந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். மாட்டி, கூலன்ட் ஊற்றி, வண்டியை ஸ்டார்ட் செய்ததும் வால்வு மூடியின் ஓரத்திலிருந்து சொட்டச் சொட்ட ஒழுகியது. அந்த நேரம் பார்த்து செல்வம் பைக்கில் வந்து நின்றார். காலை ஊன்றியபடியே வேடிக்கை பார்த்தார். “சொன்னத கேட்டிருந்தா இந்நேரம் டிவி பாத்துக்கினு இருக்கலாம். இப்பகூட ஜல்தியா கழட்டி குடுத்துடுவேன்.” ஒரு வார்த்தை பேசினாலும் உடைந்துவிடுவேன் என்று தெரிந்தது. அப்பாவைப் பார்த்தேன். அவர் சரி என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

“இருக்கட்டும் செல்வம். அவ பாக்கட்டும்” என்றார் அப்பா.

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து மறுபடி பிரித்தேன். ரப்பர் வளையம் ஒரு இடத்தில் நசுங்கி மடங்கியிருந்தது. வளையம் உட்காருகிற பள்ளத்தில் துரு பொருக்காக ஒட்டியிருந்தது; அவசரத்தில் சரியாகச் சுரண்டவில்லை. இந்த முறை அம்மாவின் பழைய புடவைத் துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்து, வளையத்தை நீவிவிட்டு உட்காரவைத்தேன். போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். விளக்கு வைக்கிற நேரத்தில் ஸ்டார்ட் செய்தோம். ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து, உள்ளே இருந்த காற்றெல்லாம் குமிழி குமிழியாக வெளியேறும்வரை குழாயை அமுக்கிக்கொண்டே இருந்தேன். ஒழுகவில்லை. முள் மெல்ல ஏறி, நடுவில் வந்து, நின்றது. திடீரென்று மேல் குழாய் என் கைக்குள் சூடானது. கதவு திறந்துவிட்டது. “தொட்டு பாருங்கப்பா” என்றேன். தொட்டார். கையை உதறினார். “சுடுது” என்றார். அவ்வளவுதான். எனக்கு அது போதுமாயிருந்தது.

மறுநாள் கிளியனூர் வழியாகப் புதுச்சேரிக்குப் போனோம். கண்ணாடிகள் ஏற்றியிருந்தன, ஏசி ஓடியது. அப்பா சாலையைப் பார்த்ததைவிட முள்ளைப் பார்த்ததுதான் அதிகம். ஒரு இடத்தில் அவர் கை பழக்க தோஷத்தில் ஹீட்டர் குமிழுக்குப் போய், பாதியில் நின்று, திரும்பியது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டேன். வழி முழுக்க எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்தே இருந்தது, மருத்துவமனைக்குள் போகிற வரைக்கும்.

ஊசி போடுகிற அறை வாசலில் ஒரு நர்ஸ் அம்மாவைப் பார்த்ததும் சிரித்தார். “வாங்கம்மா. ஜாகிர் எங்க, வரலையா?”

“இன்னிக்கி வரல. பொண்ணு வந்திருக்கா.”

“ஓ, வெளிநாட்டுல இருக்கறவங்களா?” என்று என்னைப் பார்த்தார். சர்க்கரை அளவு கடைசியாக எவ்வளவு இருந்தது, எந்த மாத்திரையை நிறுத்தினார்கள், போன தடவை ஊசி போட்டதும் வாந்தி வந்ததே அது அப்புறம் எப்போது நின்றது என்று வரிசையாகக் கேட்டார். ஒரு கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். வாந்தி வந்ததே எனக்குத் தெரியாது. “இருங்க, ஜாகிர்க்கு போன் போட்டு கேட்டுக்கறேன்” என்று நர்ஸ் தன் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் அவன் குரல் கேட்டது. பின்னால் கடையில் யாரோ ரீசார்ஜ் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் தட்டாமல் பதில் சொன்னான். கடைசியில், “சிஸ்டர், அம்மாவுக்கு ஊசின்னா பயம். போடும்போது கைய புடிச்சிக்கணும். அக்காகிட்ட சொல்லிடுங்க” என்றான்.

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அது அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. எனக்குள் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த மிதப்பு அடங்கியது. ஒரு வால்வை மாற்றிவிட்டு வீட்டுக்குள் என் இடத்தைப் பிடித்துவிட்டதாக நினைத்திருந்தேன். அந்த இடம் காலியாகவே இல்லை. அதில் ஒரு ஆள் உட்கார்ந்து எவ்வளவோ காலமாக நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அதற்காக நான் சந்தோஷப்பட வேண்டும். பட்டேன். எரிச்சலாகவும் இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் படுவதற்கு இத்தனை வருடத்தில் எனக்குப் பழகிவிட்டது.

வெளியே வந்ததும் அப்பா கார் சாவியை என் கையில் வைத்தார். “நீ ஓட்டு. நான் அம்மா பக்கத்துல உக்காந்துக்கறேன். நேத்துலேருந்து எனக்கு தூக்கமே இல்ல.” எனக்கு அங்கே கிடைத்த மிகப் பெரிய மரியாதை அதுதான். உட்கார எத்தனையோ பேர் சொன்னார்கள். ஓட்டச் சொன்னது அவர் ஒருவர்தான். நம் ஊரில் நான் வண்டி ஓட்டிப் பல வருடமாகியிருந்தது. மருத்துவமனை வாசலில் இடப்பக்கம் திரும்ப இண்டிகேட்டரைப் போட்டேன். வைப்பர் ஓடியது. வெயில் காய்கிற கண்ணாடியில், வரட் வரட் என்று. கனடாவில் இண்டிகேட்டர் குச்சி இடது கைப்பக்கம். நம் ஊரில் அந்தப் பக்கம் இருப்பது வைப்பர். அடுத்த திருப்பத்தில் மனத்துக்குள் சொல்லிக்கொண்டேதான் வந்தேன். கை கேட்கவில்லை. மறுபடி வைப்பர்.

“மழையா பெய்யுது?” என்றார் அப்பா பின்னாலிருந்து.

“கை தானா போவுதுப்பா.”

“பொறுமையா ஓட்டு. கண்ணுல கட்டு போட்டிருக்கா இவ.”

திண்டிவனம் வருகிற வரைக்கும் ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தக் காய்ந்த கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டே வந்தேன். அம்மா கண் கட்டோடு, சத்தம் வரும்போதெல்லாம் சிரித்தாள். சாயங்காலம் ஜாகிர் கையைக் கழுவிக்கொண்டு சொட்டு மருந்து போட வந்தான். என்னைப் பார்த்ததும், “நீங்க போடறீங்களாக்கா?” என்று தயங்கினான். “நீயே போடு ஜாகிர். எப்படி போடறன்னு நான் பாத்துக்கறேன்” என்றேன். அம்மா அதற்குள் முகத்தை அவன் பக்கம் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

லீவு முடிந்தது. வின்னிபெக் விமான நிலையத்துக்குச் செந்தில் வந்திருந்தார். அவர் இரவு வேலை முடித்து வந்த களைப்பில் இருந்ததால் நானே ஓட்டுகிறேன் என்றேன். கோடை ஆரம்பம். வானத்தில் மேகமே இல்லை. பார்க்கிங்கிலிருந்து பிரதான சாலைக்குத் திரும்புகிற இடத்தில் வலது கையால் குச்சியைத் தட்டினேன். காய்ந்த கண்ணாடியில் வைப்பர் ஓடத் தொடங்கியது. பின்னால் ஒரு கார் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தது, நான் எந்தப் பக்கம் போகப்போகிறேன் என்று தெரியாமல்.